ஆபரேஷனில் கர்ப்பப்பை இருந்ததாம், நான் ஆண்தானே டாக்டர்?

கேள்வி: எனக்கு 28 வயது. கடலூர் சிப்காட்டில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே வலது பக்க விதைப்பை காலி. இடது பக்கம் மட்டும் பெரிதாக இருக்கும். அம்மாவுக்குத் தெரியும். பாட்டி "வளர வளர இறங்கிடும்" என்று சொன்னதால் விட்டுவிட்டார்கள். இரண்டு வருடமாக இடது பக்கம் ஹெர்னியா வீக்கம். மூன்று வாரத்துக்கு முன் ஆபரேஷன் நடந்தது. பாதியில் டாக்டர் வெளியே வந்து அப்பாவிடம், இரண்டு விரையும் இடது பக்க ஹெர்னியா பைக்குள்ளேயே இருக்கின்றன, கூடவே கர்ப்பப்பை மாதிரி ஒன்றும் இருக்கிறது என்றாராம். ஒரு துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பிவிட்டு, ஹெர்னியாவை மட்டும் சரிசெய்து மூடிவிட்டார். பயாப்சியில் கர்ப்பப்பைத் திசு, கருக்குழாய்த் திசு என்றே வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அப்பா என்னிடம் சரியாகப் பேசவில்லை. சொந்தக்காரர் ஒருவர் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று சொன்னார். தையில் எனக்கும் மாமன் மகளுக்கும் கல்யாணம். அப்பா அம்மாவும் மாமன் மகள் முறையில் கட்டிக்கொண்டவர்கள்தான். அக்காவுக்கு ஒரு வயதில் பையன் இருக்கிறான், தம்பிக்கு 22 வயது. மீசை, தாடி, மற்றதெல்லாம் எனக்குச் சரியாகவே இருக்கிறது. நான் ஆணா, பெண்ணா? அதை எடுத்துவிட வேண்டுமா? மாதாமாதம் ரத்தம் ஏதாவது வருமா? நெட்டில் புற்றுநோய் என்று போட்டிருக்கிறது. எனக்குக் குழந்தை பிறக்குமா? பைக் ஓட்டலாமா?

(பெயர் வேண்டாம், கடலூர்)

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆண். இரண்டு விரை இருக்கிறது, ஆண்குறி சரியாக வளர்ந்திருக்கிறது, மீசையும் தாடியும் வந்திருக்கின்றன. உங்கள் விரைகள் டெஸ்டோஸ்டிரோன் சுரந்துகொண்டிருக்கின்றன என்பதற்கு இவற்றைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம். குரோமோசோம் பரிசோதனை செய்தாலும் ஆணுக்குரிய 46, எக்ஸ் ஒய் என்றுதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனாலும் அதைச் செய்துவிடுங்கள். ரத்தம் கொடுத்தால் போதும், ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்தக் காகிதம் எனக்கு வேண்டியதில்லை. உங்கள் அப்பாவிடம் காட்டத்தான் வேண்டும்.

அந்தச் சொந்தக்காரர் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை. திருநங்கைகளை இழிவுபடுத்தப் பயன்படும் சொல் அது. உங்களுக்கும் பொருந்தாது, அவர்களுக்கும் அந்த இழிவு தேவையில்லை.

சரி, ஆண் என்றால் உள்ளே கர்ப்பப்பை எப்படி வந்தது? வெளியிலிருந்து வரவில்லை. எல்லோருக்கும் ஆரம்பத்தில் அதற்கான ஏற்பாடு இருக்கும். தாயின் வயிற்றில் ஏழாவது வாரம் வரைக்கும் ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் உள்ளே இரண்டு ஜோடிக் குழாய்கள் உண்டு. ஒரு ஜோடிக்கு வோல்ஃப் குழாய் என்று பெயர். விந்துக்குழாயும் விந்துப்பையும் அதிலிருந்து வரும். இன்னொரு ஜோடி முல்லர் குழாய். யோகன்னஸ் முல்லர் என்ற ஜெர்மன்காரர் 1830-ல் விவரித்தது. கர்ப்பப்பையும் கருக்குழாய்களும் இதிலிருந்து உருவாகின்றன. ஆண் கருவில் விரை தோன்றியதும் அது இரண்டு வேலை செய்யும். டெஸ்டோஸ்டிரோன் சுரந்து வோல்ஃப் குழாயை வளர்க்கும். ஏஎம்எச் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரந்து முல்லர் குழாயைக் கரைத்துவிடும். உங்கள் உடம்பில் முதல் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது, இரண்டாவது நடக்கவில்லை. ஒன்று, ஏஎம்எச் சுரக்கவில்லை. இல்லாவிட்டால், சுரந்தும் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி வேலை செய்யவில்லை. கதவு இருக்கிறது, தட்டுகிற ஆளும் இருக்கிறார், காலிங்பெல் மட்டும் ரிப்பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இப்படி இரண்டாவதாக ஒரு பொருள் இருந்தே ஆக வேண்டும் என்று கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் என்ற பிரெஞ்சுக்காரர். 1947 வாக்கில் முயல் கருக்களின் விரையை எடுத்துப் பார்த்தார். எல்லாக் கருவும் உள்ளே பெண்ணாகவே வளர்ந்தது. விரைக்குப் பதிலாக டெஸ்டோஸ்டிரோனை மட்டும் வைத்துப் பார்த்தார். ஆண் குழாய்கள் வளர்ந்தன, ஆனால் கர்ப்பப்பைக் குழாய்கள் கரையவில்லை. உங்கள் உடம்பில் இயற்கை செய்திருப்பது கிட்டத்தட்ட அதே சோதனைதான். அந்த வருடம் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது என்பது இதற்குச் சம்பந்தமில்லாத விஷயம், ஆனாலும் வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருக்காது.

இந்த நிலைக்குப் பெயர் பெர்சிஸ்டன்ட் முல்லேரியன் டக்ட் சிண்ட்ரோம். முல்லர் குழாய் கரையாமல் தங்கிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்கிறேன், அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். பெரும்பாலான ஆண்களின் விரை மேல்நுனியில் மிளகளவு ஒரு சின்னச் சதைத் தொங்கல் உண்டு. அது முல்லர் குழாயின் மிச்சம். பள்ளிக்கூடப் பையன்களுக்குச் சில சமயம் அது முறுக்கிக்கொண்டு வலிக்கும், ராத்திரி தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். புராஸ்டேட்டுக்குள்ளும் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அதன் லத்தீன் பெயருக்கு "சின்னப் பை" என்று பொருள். அதுவும் அந்த வம்சம்தான் என்றே பாடப்புத்தகத்தில் படித்தோம். அப்பாவிடம் மிளகளவு இருப்பது உங்களிடம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.

இனி எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் கர்ப்பப்பையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கடிதம் படித்ததும் என் கண் போனது விரைகளின் மேல். 28 வருடமாக இரண்டு விரையும் ஒரே பக்கம் இருந்திருக்கின்றன, அதிலும் ஒன்றாவது சரியான இடத்துக்கு இறங்கியிருக்காது. உங்களுக்கு வரக்கூடிய சிக்கல் எதுவானாலும் அங்கிருந்துதான் வரும். வலது விரை இடது பக்கமாக இறங்குவதும் அரிதுதான். அப்படி இரண்டும் ஒரே பக்கம் இருந்தால், உள்ளே முல்லர் குழாய் தங்கியிருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லி எங்களுக்குப் பாடமே உண்டு.

விரை உடம்புக்கு வெளியே பையில் தொங்குவதற்குக் காரணம் சூடு. விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும். வயிற்றிலோ தொடை இடுக்கிலோ தங்கிய விரை மீசையை வளர்க்கும், ஆண்மையையும் கொடுக்கும், விந்தணு விஷயத்தில் மட்டும் தடுமாறும். அதோடு, இறங்காத விரையில் கட்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு கூடுதல். நெட்டில் நீங்கள் பார்த்த புற்றுநோய் பெரும்பாலும் இதுதான். 30, 40 வயதில் வயிற்றுக் கட்டியோடு வந்து, அதை எடுக்கும்போதுதான் கர்ப்பப்பையே தெரியவந்தவர்கள் மருத்துவ இதழ்களில் இருக்கிறார்கள். உங்களுக்கு ஹெர்னியாவிலேயே தெரிந்துவிட்டது. அந்த வீக்கத்துக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரைப் பற்றி உங்கள் கடிதத்தில் கொஞ்சம் கோபம் தெரிகிறது, "மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் செய்தது மிகச் சரி. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இதேபோல ஒருவருக்கு ஹெர்னியா திறந்தபோது கர்ப்பப்பை வந்தது. "இது ஆம்பளைக்கு எதுக்கு" என்று சொல்லிப் பெரியவர் ஒருவர் அடியோடு எடுத்துவிட்டார். விரித்துப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றவன் நான்தான். எடுத்த பிறகு தட்டில் வைத்துப் பார்த்தால், கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே இரண்டு பக்கமும் விந்துக்குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்கு அன்றோடு விந்தணு வரும் வழி அடைந்தது. மயக்கம் தெளிந்ததும் அவரிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் போய்ச் சொல்லவில்லை. இந்த நிலையில் விந்துக்குழாயும் விரைக்குப் போகும் ரத்தக்குழாயும் கர்ப்பப்பைச் சுவரோடு ஒட்டியே போகும். கண்டதும் வெட்டாமல், துண்டு எடுத்து அனுப்பி, உங்களிடம் பேசிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று மூடிய டாக்டர் உங்கள் குழந்தைக்கான வாய்ப்பைப் பத்திரப்படுத்திக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே, எடுக்க வேண்டுமா என்றால், எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. தங்கிய கர்ப்பப்பையிலும் அபூர்வமாகக் கட்டி வந்திருக்கிறது என்பதால் எடுப்பதே நல்லது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விந்துக்குழாய்க்கு ஆபத்து என்பதால் விட்டுவிடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நடுவழி ஒன்றும் உண்டு: கர்ப்பப்பையை நடுவில் பிளந்து இரண்டாக்கி, விந்துக்குழாய் ஓடும் சுவரை விட்டுவிட்டு உள்சவ்வை மட்டும் உரித்து எடுப்பது. பிளப்பதில் இன்னொரு லாபம், அதோடு கட்டுண்டு கிடந்த விரைகள் தளர்ந்து கீழே வரும். குழந்தை இன்னும் பிறக்காத 28 வயதுக்காரருக்கு நான் இந்த வழியைத்தான் யோசிப்பேன். இரண்டாவது விரையை விதைப்பையின் நடுத்தடுப்பு வழியாக வலது பக்கப் பைக்குக் கொண்டுபோய்த் தைக்கவும் முடியும்.

மாதாமாதம் ரத்தம் வராது. அதை நடத்த முட்டைப்பை வேண்டும், அது உங்களுக்கு இல்லை. ஆனால் சிறுநீரிலோ விந்திலோ ரத்தம் தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். சில பேருக்கு அந்தக் கர்ப்பப்பை புராஸ்டேட் பக்கம் சிறுநீர்ப் பாதையில் திறந்திருக்கும், அதனால் அப்படி வந்ததுண்டு.

குழந்தை விஷயத்தில் நான் பொய் நம்பிக்கை கொடுக்கப்போவதில்லை. இந்த நிலையில் உள்ள பலருக்கு விந்தணு குறைவாகவோ இல்லாமலோ இருக்கிறது. இயற்கையாகவே குழந்தை பெற்றவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று விந்துப் பரிசோதனைதான் சொல்லும். இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி, மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் என்பது கீழ் எல்லை. அதற்குக் கீழே வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. இப்போது ஒன்று கொடுங்கள், அப்புறம் இரண்டரை மாதம் கழித்து இன்னொன்று. ஒரு விந்தணு உருவாகி முடிய 74 நாள் ஆகும். ஆபரேஷன், காய்ச்சல், மாத்திரை எல்லாம் அந்தச் சுற்றைக் குலைத்துவிடும், அதனால் இப்போது வரும் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. கூடவே காலையில் எஃப்எஸ்எச், எல்எச், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனையும், விரையில் கட்டி இருக்கிறதா என்று காட்டும் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ரத்தப் பரிசோதனைகளும் கொடுங்கள். விதைப்பைக்கு ஸ்கேன், அடிவயிற்றுக்கு எம்ஆர்ஐ.

விந்தில் ஓர் அணு தெரிந்தாலும் அடுத்த ஆபரேஷனுக்கு முன்னால் அதை உறைய வைத்துச் சேமித்துவிடுங்கள். இந்த வரியைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை யார் கத்தி வைத்தாலும் விந்துக்குழாய் பக்கத்தில்தான் வைப்பார்கள். விந்தில் எதுவும் வராவிட்டால் விரையிலிருந்தே தேடி எடுக்க வழி இருக்கிறது. ஒற்றை அணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்சி முறை 1992-லிருந்து உலகத்தில் இருக்கிறது, புதுச்சேரியிலும் நடக்கிறது.

இடையில் யாராவது ஏஎம்எச் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், ரிசல்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சின்னப் பையன்களுக்குத்தான் அது துல்லியமாகப் பேசும். வயதுக்கு வந்த ஆணுக்கு இயல்பாகவே அது குறைந்துவிடும். லேப் காகிதத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும் அளவும் பெரும்பாலும் பெண்களுக்கானதாக இருக்கும். காரணம் தெரிய வேண்டுமென்றால் மரபணுப் பரிசோதனைதான் சரி.

மரபணு என்றதும் கல்யாணப் பேச்சு வந்துவிடுகிறது. இது அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி என்று இரண்டு பக்கமும் குறையுள்ள பிரதி வந்தால்தான் வெளிப்படும். ஒற்றைப் பிரதி வைத்திருப்பவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, அது இருப்பதே தெரியாது. உங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் அப்படித்தான், சொந்தம் என்பதால் ஒரே பாட்டன் வழியில் வந்திருக்கும். அம்மாவிடம் இருக்கிறது என்றால் மாமாவுக்கு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, மாமன் மகளுக்கு நாலில் ஒரு வாய்ப்பு. அவரிடம் இருந்தால், உங்கள் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இரண்டு பிரதியும் போகலாம். அதிலும் பெண் குழந்தைக்கு இதனால் கெடுதல் இல்லை, கர்ப்பப்பை அவளுக்கு இருக்க வேண்டியதுதானே. கணக்குப் போட்டால் எட்டில் ஒன்று என்ற அளவில்தான் ஆண் குழந்தைக்கு உங்கள் நிலை வர வாய்ப்பு. பிறந்ததுமே பார்த்துச் சரிசெய்யக்கூடிய விஷயம் இது. இதற்காகக் கல்யாணத்தை நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன். சொந்தத்தில் கட்டுவது வேறு பல காரணங்களுக்காக எனக்கு உடன்பாடில்லை, அது தனிக் கதை.

ஆனால் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். "மாமன் மகள்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். முதல் விந்துப் பரிசோதனை ரிசல்ட் கையில் வந்ததும் அவரையும் மாமாவையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்லத் தடுமாறுவதை டாக்டர் சொல்லட்டும். இரண்டாவது ரிசல்ட் மார்கழி முடிவில்தான் வரும். தை என்பது மாசியோ பங்குனியோ ஆனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

தம்பியையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். உடன்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டால் ஸ்கேன் என்று சொல்லி அழைத்துப் போங்கள். அக்கா மகனுக்கு வாய்ப்புக் குறைவு, ஆனால் இரண்டு விரையும் பையில் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம்தான் ஆகும். நம் ஊரில் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டிக்குத்தான் இது முதலில் தெரியும். எந்த டாக்டரையும்விட அவர் கை நன்றாகப் பார்க்கும். பார்த்துவிட்டு "இறங்கிடும்" என்று சொல்வதில்தான் தவறு. ஆறு மாதத்துக்கு மேல் தானாக இறங்குவது அரிது. ஒரு வயதுக்குள், தவறினால் ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்து இறக்கிவிட வேண்டும். உங்கள் பாட்டி மேல் கோபப்படாதீர்கள், அந்தக் காலத்தில் டாக்டர்களே அஞ்சு வயது வரை பார்க்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்கு மட்டும் உடம்பு விசித்திரமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மூன்று விரை உள்ள பையன் ஒருவனைப் பார்த்திருக்கிறேன், கட்டி என்று பயந்து வந்தான். விந்துக்குழாய் இரண்டு பக்கமும் பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு, குழந்தை இல்லை என்று வரும்போதுதான் தெரியும். விந்துப்பையில் நீர்க்கட்டி என்று ஸ்கேன் எடுத்தால் அதே பக்கம் சிறுநீரகமே இல்லாமல் இருக்கும். சிறுநீரகமும் அந்த வோல்ஃப் குழாயின் ஒரு மொட்டைத் தொட்டுத்தான் முளைக்கிறது, மொட்டு வராவிட்டால் அதுவும் வராது. அவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள், சில்வர் பீச்சில் உங்கள் பக்கத்தில் நடந்துகொண்டிருப்பார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஆபரேஷன் நடந்த இடத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு இரண்டையும் வாங்குங்கள். பயாப்சி செய்த லேபில் காகிதம் மட்டும் போதாது, கண்ணாடி ஸ்லைடும் மெழுகுக் கட்டியும் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள். ஹெர்னியாவுக்கு வலை வைத்துத் தைத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலை இருந்தால் அதே வழியில் மறுபடி போவது கஷ்டம், சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி பக்கம் யோசிக்க வேண்டும். இவற்றோடு புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியின் யூராலஜி ஓபிக்கு வாருங்கள். கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், காலை ஓபி சீட்டுக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள். இப்படி ஒரு கேஸில் யூராலஜி, நாளமில்லாச் சுரப்பி டாக்டர், நோய்க்குறியியல் எல்லோரும் உட்கார்ந்து பேசுவது நல்லது. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் வசதி. விரை கீழே இறக்கப்பட்ட பிறகு மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்ததும் உருட்டிப் பாருங்கள். புதிதாகக் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், வலிக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். வலியில்லாத கட்டிதான் எனக்குக் கவலை.

பைக் ஓட்டலாம். மூன்று வாரம் ஆகிவிட்டது, அவசரமாக பிரேக் பிடித்தால் தையல் பக்கம் இழுக்கவில்லை என்றால் ஓட்டுங்கள். வேகத்தடை, குழி வந்தால் மட்டும் மெதுவாகப் போங்கள். மோட்டார் தூக்குவதும், கேபிள் டிரம் உருட்டுவதும் ஆறு வாரம் முடியும் வரை வேண்டாம், சூப்பர்வைசரிடம் ஹெர்னியா ஆபரேஷன் என்று மட்டும் சொன்னால் போதும்.